ஈசாக்கின் கிணறும் அப்பாவின் ஹெரால்டும்

தியானப் பகுதி: ஆதியாகமம் 26:12–22



ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் விடைபெறும்போது, கடந்த மூன்று மாதங்களாக உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "ஐயா, அந்தக் கார் என்ன ஆயிற்று?" ஆயர் இல்லத்தின் பின்புறம் தார்ப்பாய் போர்த்தி நின்ற வாகனம் ஒருநாள் காலையில் லாரியில் ஏறி அம்பத்தூருக்குப் போனதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இதுவரை சிரித்து மழுப்பினேன். அந்தக் காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என்னைப் பற்றிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தாமதத்துக்கு அதுவே காரணம். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அது 1970ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் நகரத்தில் பிறந்த கார். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்ததை, 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரித்தது. உருவத்தை வரைந்தவர் ஜோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இன்ஜின் ஆங்கிலேயருடையது, நான்கு கதவுள்ள வடிவமோ இந்தியாவுக்கென்றே உருவானது. 948 சி.சி. இன்ஜின், நான்கு கியர். பானட்டைத் தூக்கினால், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பகுதி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்துகொள்ளும். பிறகு முன் டயரின்மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம். சிறுவயதில் என் தந்தையை நான் அதிகம் பார்த்தது அந்த டயரின்மேல்தான்.

அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பகலெல்லாம் விஜயந்தா டாங்கிகள், மாலையில் ஹெரால்டு. 1978இல் சேமநிதியில் கடன் எடுத்து, இரண்டாம் கையாக அதை வாங்கினார். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் அது. வாங்கிய வாரத்திலேயே பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தது. நள்ளிரவில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைவரை கொண்டுபோய் விட்டார். அன்று தொடங்கி அந்தக் கார் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. பாம்பு கடித்தவர், படியில் விழுந்தவர், கடைசி ரயிலைத் தவறவிட்டவர் என்று யார் வந்து கதவைத் தட்டினாலும், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சாவியை எடுப்பார். பெட்ரோலுக்குக் காசு கேட்டதை நான் பார்த்ததில்லை. அந்தப் பின் இருக்கையில் மூன்று குழந்தைகள் பிறந்ததாக அம்மா இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

1998 நவம்பரில் ஒரு மழை இரவு. நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவர் அப்பாவே. அண்ணன் ஓடிப்போய்க் காரைக் கிளப்பினார். கிளம்பவில்லை. சோக்கை இழுத்து இழுத்துப் பார்த்தார். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். நாங்கள் இருவரும் தள்ளியும் பார்த்தோம். ஊரையெல்லாம் மருத்துவமனைக்குச் சுமந்த கார், தன் சொந்தக்காரருக்காக அசையவில்லை. ஆட்டோ கிடைக்க அரைமணி நேரம் ஆயிற்று. விடிவதற்குள் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்தபின் காரைக் கொட்டகைக்குள் தள்ளினோம். அம்மா விற்கவிடவில்லை. அண்ணன் தொடவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. சென்ற மழையில் கொட்டகையின் கூரை சரிந்ததால், ஏதாவதொரு முடிவு எடுத்தாக வேண்டிய நிலை வந்தது.

என் முடிவு தெளிவாக இருந்தது. அந்த இன்ஜினைக் கழற்றி எறிய வேண்டும். ஆம்னி வேனின் இன்ஜினும் கியர் பாக்ஸும் வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஆம்னியின் இன்ஜின் நெடுக்குவாட்டில் அமர்ந்து பின்சக்கரத்தை இயக்குவது; ஹெரால்டும் அப்படியே. 796 சி.சி.தான் என்றாலும் இரண்டின் சக்தியும் ஏறத்தாழ ஒன்றே. உதிரிபாகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதைப் பொருத்த சேஸிஸில் சில இடங்களை வெட்டி, புதிய தாங்கிகளை வெல்டு வைக்க வேண்டும். பதிவுச் சான்றில் மாற்றம் செய்ய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டும். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வீடு சந்திப்புக்குப் போகும்போது பாதி வழியில் நிற்காத கார் போதும் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் கொதித்துப்போனார். "ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்குப் பழம்பெரும் வாகனம் என்ற தனித் தகுதி கிடைக்கும். எங்கள் காருக்கு வயது தகுதி உண்டு. இன்ஜினை மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். ஆனால் அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. அப்படிப் பதிவான வாகனத்தைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்குக் கூடாது. நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவர்களுக்காக ஓடிய கார், இனிப் பார்வைக்கு மட்டும் ஓடும். அண்ணனுக்கு அது போதும். எனக்கு அது பொறுக்கவில்லை.

தொலைபேசியில் வாரக்கணக்கில் வாதம் நடந்தது. அண்ணன் உதகை மலை ரயிலைத் துணைக்கு அழைத்தார். நானும் அதையே அழைத்தேன். கரியில் ஓடிய அந்த ரயிலின் இன்ஜின்களை எண்ணெயில் எரியும்படி மாற்றினார்களே, திருச்சி பொன்மலைப் பணிமனை எண்ணெயில் ஓடும் புதிய இன்ஜின்களையே கட்டிக்கொடுத்ததே, அதனால் அது மலை ரயில் இல்லாமல் போயிற்றா என்று நான் கேட்டேன். அதே பொன்மலைதான் 2021இல் மறுபடியும் கரியில் ஓடும் புதிய இன்ஜினைக் கட்டியது, பழைமைக்கு ஒரு மதிப்பு இருப்பதால்தானே என்று அவர் திருப்பினார். இருவரும் சொன்னது உண்மை. ஆனால் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தது ரயிலைப் பற்றியும் அல்ல, காரைப் பற்றியும் அல்ல.

இதற்கிடையே கார் அம்பத்தூரில் ஒரு பட்டறைக்குப் போனது. எழுபது வயதைக் கடந்த பாய் ஒருவர் நடத்துவது. ஹெரால்டுகளைத் தம் இளமையிலிருந்தே அறிந்தவர். இன்ஜினைக் கழற்றித் தாருங்கள் என்றேன். "கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பார்த்துடறேன், பாதர்" என்றார். பிளக் துளைகள் வழியாக எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டார். பிறகு சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டு என்னை அழைத்தார்.

பிஸ்டன்களின் தலையில் 040 என்று ஓர் எண் பொறித்திருந்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்பப் பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள் என்று விளக்கினார். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரே தடவையில் அவ்வளவு கடைய மாட்டார்கள்; இரண்டு தடவையாவது நடந்திருக்கும் என்றார். கார்புரேட்டரும் பிறக்கும்போது இருந்தது அல்ல. கிளட்ச் தட்டு வேறொரு காருடையது. அண்ணன் காக்க நினைத்த அசல், அப்பாவின் கையாலேயே பலமுறை மாறியிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எண்பது கடந்த அம்மா சிரித்துவிட்டார்கள். "அசலா? உங்க அப்பா அதுல எதைத்தான் மாத்தல, சின்னவனே? என் ரெண்டு வளையல் அந்த இன்ஜினுக்குள்ளதான் இருக்கு!" 1986இல் சிலிண்டர் கடைவதற்காக அடகு வைத்த வளையல்கள் திரும்பவே இல்லையாம். அது எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுவாரம் பாய் இன்ஜினை மூட்டி, நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "இன்ஜின்மேல ஒரு தப்பும் இல்லையே, பாதர். ஏன் நிப்பாட்டினீங்க?" என்று கேட்டார்.

"ஒருநாள் ஸ்டார்ட் ஆகவில்லை" என்றேன்.

"எதனால?"

அன்பானவர்களே, அந்தக் கேள்விக்கான பதிலை இருபத்தேழு ஆண்டுகளாக நான் அறிந்தே இருந்தேன். ஹெரால்டில் மின்சாரம் தருவது டைனமோ. வண்டி மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் அது பேட்டரியைச் சரியாக நிரப்பாது. மழைக்காலத்தில் விளக்கும் வைப்பரும் சேர்ந்தால் பேட்டரி வறண்டுவிடும். அந்த இரவுக்கு முந்தின நாள் மதியம் அப்பா என்னிடம் சொன்னார்: "பேட்டரி வீக்கா இருக்கு. ஆவடியில கொண்டுபோய் சார்ஜ் போட்டுட்டு வந்துடு." நான் விடுமுறையில் வந்திருந்த இளம் உதவி ஆயர். ஞாயிறு பிரசங்கத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். எதைப் பற்றிய பிரசங்கம் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை.

நான் பேட்டரியைப் பற்றி யாரிடமும் வாய்திறக்கவில்லை. அண்ணனோ, தான் பதற்றத்தில் சோக்கை அதிகமாக இழுத்து பெட்ரோலை நிரப்பிவிட்டதால்தான் கார் கிளம்பவில்லை என்று நம்பினார். அடக்கத்தன்று என்னிடம் சொல்லி அழுதார். அப்போதும் நான் பேசவில்லை. இத்தனை ஆண்டுகள் என் பாரத்தை என் அண்ணனைச் சுமக்கவிட்டேன். ஒரு திருகாணியையும் மாற்றாதே என்று அவர் கெஞ்சியது எதனால் என்றும், அந்த இன்ஜினைத் தூக்கி எறிய நான் துடித்தது எதனால் என்றும் அந்தப் பட்டறையில் நின்றபோது விளங்கியது. குற்றமில்லாத ஓர் இரும்புக்கு நான் தண்டனை கொடுக்கப் பார்த்தேன்.

அன்றிரவு அண்ணனை அழைத்துச் சொன்னேன். நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை கேட்டேன். "இருக்கேன்" என்றார். பிறகு, "நாளைக்குப் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். நாளை அல்ல, ஒன்பது நாள் கழித்துத்தான் அழைத்தார்.

அந்த ஒன்பது நாட்களில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது ஆதியாகமம் 26ஆம் அதிகாரம். ஆபிரகாமின் காலத்தில் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு அவற்றை மறுபடியும் தோண்டி, தகப்பன் வைத்த பெயர்களையே அவற்றுக்கு வைத்தான். பலமுறை பிரசங்கித்த பகுதிதான். இந்த முறை என் கண்ணில் பட்டது வேறு. ஈசாக்கு கிணற்றைச் சுற்றி வேலி போட்டு, இது என் தகப்பன் வெட்டியது என்று காட்டிக்கொண்டிருக்கவில்லை. தூர்ந்துபோனதுதானே என்று விட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாகவும் வெட்டவில்லை. மண்ணை அள்ளினான். கிணற்றின் இடம் பழையது, பெயர் பழையது. உள்ளே ஊறிய நீர் அன்றன்றைய நீர். ஆடுமாடுகள் குடிப்பதற்காகத்தான் ஆபிரகாம் வெட்டினான். ஈசாக்கின் ஆடுமாடுகளும் குடித்தன. அதே அதிகாரத்தில் ஈசாக்கு புதிய கிணறுகளையும் வெட்டுகிறான். ஏசேக்கிலும் சித்னாவிலும் சண்டை வந்தது. ரெகொபோத்தில்தான் இடம் உண்டாயிற்று.

அப்படியானால் தகப்பனுக்கு உண்மையாயிருப்பது என்றால் என்ன? தகப்பன் தொட்டதையெல்லாம் தொடாமல் வைப்பது அல்ல என்று எனக்குப் பட்டது. அவர் எதற்காக அதை வைத்திருந்தாரோ அந்த வேலை தொடர வேண்டும். அதே சமயம், திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றை என் அவசரத்துக்காக வெட்டிவிடவும் கூடாது. அப்பா பிஸ்டனை மாற்றினார், கார்புரேட்டரை மாற்றினார். சேஸிஸில் ஒருநாளும் ரம்பம் வைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அண்ணன் அழைத்தார். அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "தம்பி, அந்த டைனமோவைக் கழற்றிடு. ஆல்டர்னேட்டர் போட்டுடு" என்றார். ஒரு திருகாணியையும் மாற்றக் கூடாது என்றவர் சொன்னது அது. பிறகு இருவருமே பேச முடியாமல் வைத்துவிட்டோம்.

இனி, உங்கள் கேள்விக்குப் பதில். இன்ஜினும் கியர் பாக்ஸும் அப்பா விட்டுச்சென்றவையே. ஆனால் அப்பா ஊற்றிய பெட்ரோல் இன்று இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடெங்கும் நின்றது. அந்த ஈயம்தான் பழைய இன்ஜின்களின் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது. ஆகவே ஹெட்டைக் கடைந்து, கடினப்படுத்திய எஃகு வளையங்களைப் பதித்தோம். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது பழைய ரப்பரை அரிக்கும். ஆகவே எரிபொருள் குழாய்களையும் பம்பின் சவ்வையும் கார்புரேட்டரின் கேஸ்கெட்டுகளையும் மாற்றினோம். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி பழையதே. உள்ளே பாயிண்டுக்குப் பதில் மின்னணுக் கருவி. முன் இருக்கைகளுக்குப் பட்டை வந்திருக்கிறது. டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர். கழற்றிய டைனமோவை எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். என் பிள்ளைகள் ஒருநாள் எல்லாவற்றையும் பழையபடி வைக்க விரும்பினால், நான்கு போல்ட்டைக் கழற்றினால் போதும். அவர்களுக்கு அந்த உரிமை இருக்க வேண்டும்.

பழம்பெரும் வாகனத் தகுதிக்கு நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. சாதாரணக் காராகவே பதிவைப் புதுப்பிக்க அலைந்துகொண்டிருக்கிறேன். அது இன்னும் முடியவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளோடு ஓட அதற்குத் தெம்பு கிடையாது. உட்தெருக்களுக்குப் போதும். சென்ற வாரம் ஒரு சகோதரர், "இந்தச் செலவுக்கு ஒரு பழைய ஆல்டோ வாங்கியிருக்கலாமே, ஐயா?" என்று கேட்டார். சபைப் பணம் ஒரு ரூபாயும் இதில் இல்லை, அண்ணனும் நானும் போட்டது என்று சொன்னேன். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. அவருடைய கணக்குச் சரிதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நமது சபையிலும் இத்தகைய கேள்வி அவ்வப்போது எழுகிறது. ஞானப்பாட்டா, புதிய பாடலா? பழைய மொழிபெயர்ப்பா, புதியதா? ஃபப்ரீசியஸ் ஐயரின் வேதத்தில் பராபரன் என்று வாசித்த நம் முன்னோர், 1871ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பில் தேவன் என்று வாசித்தார்கள். பின்னால் வந்தவற்றில் கடவுள் என்று வாசிக்கிறோம். ஒவ்வொரு முறையும் சிலர் அழுதார்கள், சிலர் மகிழ்ந்தார்கள். ஜெபம் நிற்கவில்லை. மறுபுறம், மோசே உண்டாக்கிய வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா அதை உடைத்துப்போட்டதையும் 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உயிர் காக்கக் கொடுக்கப்பட்டது, வணங்கும் பொருளாகிவிட்டது.

அடுத்த முறை நம்மில் யாராவது ஒன்றை மாற்றியே தீர வேண்டும் என்றோ, மாற்றவே கூடாது என்றோ கொதிக்கும்போது, அதற்கு முன் ஒரு கணம் நம் உள்ளத்தைத் திறந்து பார்ப்போம். அங்கே யாரிடமாவது சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு வார்த்தை மண்ணாகக் கிடக்கலாம். அதை அள்ளாமல் எந்தக் கிணற்றிலும் நீர் வராது. என்னைப்போல் இருபத்தேழு ஆண்டுகள் காத்திருக்காதேயுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வருகிறார். முதல் சவாரி அம்மாவுக்கு. பின் இருக்கையில்தான் உட்காருவேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் தகப்பன்மார் விட்டுச்சென்றதைக் காக்கவும், தேவையானால் மாற்றவும் எங்களுக்கு ஞானம் தாரும். எங்கள் குற்றத்தைப் பிறர்மேலும் பொருள்கள்மேலும் சுமத்தாதபடி எங்களைக் காத்தருளும். நள்ளிரவில் தட்டுகிறவர்களுக்கு எங்கள் கதவு திறக்கட்டும். ஆமென்.

உங்கள் ஆயர்